ஐநூத்தி அம்பது

தப்பா நெனைச்சுக்காதீங்க, நான் ஒட்டுக் கேக்கலைங்க. கரூர் பஸ் ஸ்டாண்டுல ஏறினதுல இருந்து போன்ல ஒரே பேச்சத்தான் பேசிட்டு வர்றீங்க. நீங்க மெயில் அனுப்பிட்டேன் அனுப்பிட்டேன்ங்கறீங்க, அந்தப் பக்கம் வரல வரலங்கறாங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு நான் காதையா பொத்திக்க முடியும்?

அந்த போனச் சித்தக் காட்டுங்க. உங்க மெயிலுக்குப் பதிலா இங்கிலீசுல ஒரு கடிதாசி திரும்பி வந்திருக்குமே, பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. யாருமே பாக்கறதில்ல, ஏதோ குப்பைன்னு தள்ளிர்றாங்க. அதுலதானுங்க எல்லாம் இருக்குது. நடுவுல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க. ஆங், நானூத்தி அம்பத்தொண்ணு. பயப்படாதீங்க, உங்களுது பொழச்சுக்கும்.

நாலுல ஆரம்பிச்சா, இப்ப முடியாது, சித்த நேரங்கழிச்சு வாங்கன்னு அர்த்தம். உங்க சர்வர் அதுவாவே மறுக்கா மறுக்கா போய்க் கதவத் தட்டும். நாம காங்கயம் தாண்டறதுக்குள்ள போயிரும் பாருங்க. ஆனா அஞ்சுல ஆரம்பிச்சா வேற கத. ஐநூத்தி அம்பதுன்னா, அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னு அர்த்தம். அதுக்கப்பறம் எந்திரம் திரும்ப முயற்சி பண்ணாதுங்க. ஐநூத்தி அம்பது வாங்கின எடத்துக்கு இன்னொரு மெயில் வருதுன்னா, ஒரு மனுசன் உக்காந்து மறுபடியும் எழுதியிருக்கான்னு அர்த்தம். இத ஞாபகம் வெச்சுக்கங்க. எனக்கு இப்ப சோறு தண்ணியே அந்த நம்பர்தான்.

என் பேரு சென்னியப்பன். ஜன்னல் திரை, கிச்சன் டவல் இதெல்லாம் ஏத்துமதி பண்ற கம்பெனி ஒண்ணுல பத்தொம்பது வருசம் மெயில் சர்வரப் பாத்துக்கிட்டவன். கம்பெனி பேர் வேண்டாமுங்க, நீங்க கரூர்க்காரரா இருந்தா தெரிஞ்சிரும். கண்ணாடி ரூம், ஏ.சி., அதுக்கு ஒரே ஒரு சாவி. அந்தச் சாவி பத்தொம்பது வருசம் என் இடுப்புலதான் இருந்துது. மாமனார் செத்த அன்னிக்குப் பந்தல்ல உக்காந்துட்டு இருக்கறப்பக்கூட இடுப்புலதான் இருந்துது. வேணும்னா என் சம்சாரத்தக் கேட்டுப் பாருங்க.

அந்தக் கம்பெனிக்கு இளஞ்செழியன்னு ஒருத்தரு வந்தாரு. வெளிநாட்டுல துணி வாங்கற பையருககிட்ட ஆர்டர் புடிக்கிற மேனேஜரு. அவரு இவருன்னு சொல்றேன் பாருங்க, பழக்க தோசம். அவன்னே சொல்றேன். எம்.பி.ஏ. படிச்சவன், கண்ணாடி போட்டவன், யாரையும் ஒரு தடவைக்கு மேல பாக்க மாட்டான்.

வந்த வருசம் ஆயுத பூஜை. எல்லாரும் அவங்கவங்க மிசினுக்குச் சந்தனம் வெக்கறாங்க. நான் சர்வருக்கு வெச்சேன். சந்தனம், குங்குமம், மேல ஒரு மொழம் செவ்வந்தி. ஊதுபத்தி உள்ள கொளுத்தலைங்க, பொக ஆகாது, வெளிய கொளுத்திக் காட்டிட்டு உள்ள போனேன். எனக்குத் தெரியாததா? இவன் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "சென்னியப்பன், மெயில் எல்லாம் இனிமே முருகன் பாத்துக்குவாரா?"ன்னான். பின்னால நின்ன அக்கவுண்ட்ஸ் புள்ளைங்க மூணு பேரும் சிரிச்சுதுங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே மனசுல எழுதி வெச்சுக்கிட்டேன்.

இப்படி அறிவாளியாப் பேசினவன் என்ன பண்ணினான் தெரியுமா? ஏழே மாசத்துல நாமக்கல்ல ஒரு நியூமராலஜிக்காரர்கிட்டப் போயிட்டு வந்தான். பதவி ஒசரணும்னா பேர இங்கிலீசுல எழுதறப்ப மாத்தி எழுதணுமாம். மொத எழுத்து ஐ-ய எடுத்துட்டு ஈ போடணுமாம், கடைசியில ஒரு ஒய்யச் சேக்கணுமாம். முருகன் சிரிப்புக்கு ஆவாரு, நாமக்கல்காரர் ஆவ மாட்டாரு. சரி, அது அவன் நம்பிக்கை, நமக்கென்ன. பாயசத்துல ஈ விழுந்த மாதிரி எங்க சர்வர்ல ஒரு ஈ விழுந்துது.

அதையாச்சும் ரூமுக்கு வந்து, இந்த மாதிரி இந்த மாதிரின்னு வாயத் தொறந்து கேட்டானா? டீ கொண்டு வர்ற மாரியக்காகிட்ட ஒரு சீட்டு. மஞ்சச் சீட்டு, பின்னால பசை. "என் மெயில் ஐடியை மாத்தவும். உடனே." பழைய பேரு, புதுப் பேரு, அவ்வளவுதான். தயவு செய்துன்னு ஒரு வார்த்தை இல்ல, என் பேருகூட இல்ல.

மாத்தினேன்.

எப்பவும் என்ன பண்ணுவோம்னா, ஒரு ஐடிய மாத்தினா பழைய பேருக்கு வர்றதெல்லாம் புதுப் பேருக்குப் போற மாதிரி ஒரு ஃபார்வர்டு போட்டு வெப்போம். வூடு மாறினா பழைய வூட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டு வர்றதில்லையா, அதாட்டம். கலியாணமாகி இனிஷியல் மாறின புள்ளைங்களுக்கெல்லாம் நான் அப்படித்தான் போட்டேன். ஆனா இவன் சீட்டுல என்ன எழுதியிருந்தான்? மாத்தவும். பழசையும் வெச்சுக்கன்னு எழுதினானா? சட்டைய மாத்துடான்னா, பழைய சட்டை மேலயே புதுசப் போடுவீங்களா? சொன்னதச் சொன்னபடி செஞ்சேன். மே மாசம் பதினாலாம் தேதி. வேணும்னா வந்து கேக்கட்டும், கேட்டா போட்டுத் தர்றேன்னு இருந்தேன். கேக்கல.

அதே மாசக் கடைசியில ஜெர்மனியில இருந்து கிளாராங்கற அம்மா மெயில் போட்டிருக்குது. பதினோரு வருசமா எங்ககிட்ட டவல் வாங்கற அம்மா. இந்த வருசம் பெரிய ஆர்டர், அளவும் நிறமும் மாத்திக் கேட்டிருக்குது, ரெண்டு நாளுக்குள்ள சரின்னு சொல்லுங்கன்னு கேட்டிருக்குது. இவன் பேர மாத்தினத எல்லாருக்கும் சொன்னவன், அந்தம்மாவுக்குச் சொல்ல விட்டுட்டான். அதுவும் பழைய பேருக்கே போட்டிருக்குது. ஐநூத்தி அம்பது. மறுபடி போட்டிருக்குது. ஐநூத்தி அம்பது. மூணாவது தடவையும் போட்டிருக்குது. மூணு தடவையும் அந்தம்மாவே உக்காந்து எழுதியிருக்குது பாருங்க, முன்னாடியே சொன்னேன்ல. மூணாவதோட, சரி, இந்த ஆளு கம்பெனிய விட்டே போயிட்டான் போலன்னு, ஆர்டரத் தூக்கி வடக்க பானிபட்டுல டவல் போடற கம்பெனிக்குக் குடுத்துருச்சு.

சனிக்கெழம மீட்டிங். எம்.டி. நல்லசிவம் அய்யா, அவரு மக தாரணி, எல்லா டிபார்ட்மெண்ட் ஆளுகளும். கிளாராம்மா போன்ல எம்.டி.கிட்ட, நாங்க மூணு மெயில் போட்டோம், ஒண்ணுக்கும் பதில் இல்லைன்னு சொல்லியிருக்குது. எங்க போச்சு அந்த மூணு மெயில்னு அய்யா கேக்கறாரு. இவன் எந்திரிச்சான். "சார், நம்ம சர்வர் ஒரு ஓட்டைக் குடம். எத்தன ஊத்தினாலும் நிக்காது. நான் என்ன பண்றது?"ன்னான்.

ஓட்டைக் குடம். நாப்பது பேர் முன்னாடி.

என்னத் திட்டியிருந்தாப் பரவால்லைங்க. சோம்பேறின்னு சொல்லு, முட்டாள்னு சொல்லு. பத்தொம்பது வருசம் ஒரு மெயில் தொலைஞ்சதில்ல என் சர்வர்ல. கஜா புயல்ல ஊரே இருட்டாக் கெடக்கறப்ப ஜெனரேட்டருக்குப் பக்கத்துல நின்னு ஓட வெச்ச சர்வரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அய்யா கையக் காட்டிட்டாரு. "சென்னியப்பா, சாவிய மேசை மேல வெச்சிட்டுப் போ"ன்னாரு. வெச்சேன். இடுப்புல இருந்து கழட்டி வெக்கறத அவன் பாத்தான்.

சர்வரக் கோயமுத்தூர்க் கம்பெனி ஒண்ணுகிட்டக் குடுத்துட்டாங்க. என்னத் தபால் மேசையில உக்கார வெச்சாங்க. வாசல் கேட்டுக்கிட்ட, வாட்ச்மேன் கூண்டுக்கு அடுத்தாப்ல. கூரியர் வந்தா வாங்கி, நோட்டுல எழுதி, சீல் குத்தி உள்ள அனுப்பணும். மெயில் பாத்தவனத் தபால் பாக்க வெச்சுட்டாங்கன்னு கேண்டீன்ல ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு இந்தக் காதுல இன்னும் கேக்குதுங்க.

அன்னிக்கே முடிவு பண்ணினேன். சர்வர் ஓட்டை இல்லைன்னு நிரூபிக்கணும். அதே மீட்டிங்ல, அதே நாப்பது பேர் முன்னாடி, தப்பு என்னுதுன்னு அவன் வாயால சொல்லணும். அது ஒண்ணுதான் வேணும் எனக்கு, வேற ஒண்ணும் வேண்டாம்.

ஆடியில இருந்து கார்த்திகை வரைக்கும் எடுத்துக்கிட்டேன். சாவியக் குடுக்கறதுக்கு முன்னாடியே, வாராவாரம் பண்ற வழக்கப்படி, பழைய லாக் பூராவும் ஒரு பென்டிரைவ்ல ஏத்தி வெச்சிருந்தேன். லாக்குன்னா சர்வரோட நோட்டுப் புஸ்தகம். எத்தன மணிக்கு யாரு வந்தாங்க, யாரக் கேட்டாங்க, என்ன பதில் சொன்னோம், எல்லாம் எழுதியிருக்கும். மனுசன் மறப்பான், மாத்திப் பேசுவான், லாக் பொய் சொல்லாது. மத்தியானம் சோத்துப் போசியப் பக்கத்துல வெச்சுட்டு மடிக்கணினியில வரி வரியாப் பாப்பேன்.

இதுக்கெல்லாம் ஒரு மொறை இருக்குதுங்க. ஒடம்பு சரியில்லைன்னு போனா டாக்டரு மொதல்ல நாடி பாக்கறாருல்ல, அந்த மாதிரி மொதல்ல பிங். உசுரு இருக்குதான்னு பாக்கறது. அப்பறம் கதவு தொறந்திருக்குதான்னு பாக்கணும், இருவத்தஞ்சாம் நம்பர் கதவு. அப்பறம் கறுப்புப் பட்டியல், உலகத்துல எந்த ஸ்டேசன்லயாச்சும் நம்ம பேர்ல கேசு இருக்குதான்னு. அப்பறம் ஹெட்டர், மெயில் எந்தெந்த வழியா வந்துதுன்னு அது தலையில எழுதியிருக்கறது. அதக் கீழ இருந்து மேல படிக்கணும், முக்காவாசிப் பேரு மேல இருந்து படிச்சுட்டுக் கெட்டுப் போறாங்க. இது எதுலயும் தெரியலைன்னா, சர்வர்கிட்ட நேராவே பேசலாம். நெசமாத்தானுங்க. நாமளே ஒரு மெயிலாட்டம் போய் நிக்கறது. மொதல்ல வணக்கம் சொல்லணும், ஹலோன்னு, அதுல ஒரு எல்லுதான் போடணும், ரெண்டு போட்டா அதுக்குக் கோவம் வந்துரும். இன்னாருகிட்ட இருந்து வர்றேன்னு சொல்லணும். இன்னாரப் பாக்கணும்னு சொல்லணும். ஆளு இருந்தா சரிம்பாங்க, இல்லைன்னா ஐநூத்தி அம்பதும்பாங்க. கடிதாசியக் குடுக்காமயே திரும்பி வந்துரலாம். எம் மாதிரி அந்தப் பாசை பேசற ஆளு கரூர்ல எத்தன பேருன்னு நெனைக்கறீங்க?

எல்லாத்தையும் பாத்தேன். கடுகளவு குத்தம் இல்ல. கிளாராம்மாவோட மூணு மெயிலும் வாசலுக்கு வந்திருக்குது. மூணுக்கும் என் சர்வர் மரியாதையாப் பதில் சொல்லியிருக்குது, அப்படி ஒரு ஆள் இங்க இல்லைங்கன்னு. இதுவா ஓட்டை? ஓட்டைன்னா காணாமப் போகணும். இங்க எதுவுமே காணாமப் போகல.

நாப்பத்திரண்டு பக்கம். ஸ்பைரல் பைண்டிங் போட்டு மூணு காப்பி. அந்த மூணு வரிக்கும் மஞ்ச மை அடிச்சேன். முன்ன பின்ன இருக்கற பக்கத்தையும் சேத்தே போட்டேன். லாக்குன்னா முழுசாக் குடுக்கணும், தனக்குச் சாதகமானத மட்டும் வெட்டிக் குடுக்கறது மோசடி. மடியில கனமில்லைன்னா வழியில பயமில்ல, அப்படித்தானுங்களே?

கார்த்திகை மாசக் கடைசி சனிக்கெழம. நானே கேட்டுத்தான் பத்து நிமிசம் வாங்கினேன். எந்திரிச்சுச் சொன்னேன், சர்வர் ஓட்டை இல்ல, அதுக்கு அத்தாட்சி இதுன்னு. அய்யா கண்ணாடியத் தேடறாரு. தாரணியம்மா ஒரு காப்பிய வாங்கிப் பாக்குது. அந்தப் புள்ள படிச்ச புள்ள. நான் மஞ்ச அடிச்ச எடத்தப் பாத்துச்சு, தலைய ஆட்டுச்சு. அதோட விடாமப் பின்னால பின்னால பக்கத்தத் திருப்பிட்டுப் போகுது.

"அண்ணே, மே பதினாலு சாயந்தரம் நாலு இருவதுக்கு இந்தப் பழைய பேர எடுத்தது யாரு?"

நான்தாங்கம்மா, அதுலயே என் பேர் இருக்குதுன்னேன்.

"எடுத்தா ஃபார்வர்டு போடறது வழக்கமில்லையா?"

வழக்கந்தாங்கன்னேன்.

"எல்லாருக்கும் போட்டிருக்கீங்களா?"

எல்லாருக்கும் போட்டிருக்கேன்.

"இவருக்கு?"

"இவரு கேக்கலைங்க"ன்னேன்.

தாரணியம்மா காப்பிய மூடி வெச்சிருச்சு. நான் என்ன நெனச்சேன்னா, அத்தாட்சி அவ்வளவு பலமா இருக்குது, அதுக்கு மேல கேக்க அவங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு. இப்பவும் அப்படித்தான் நெனைக்கறேன். அந்தக் கேள்வியெல்லாம் எதுக்குங்க? வழக்கு என்ன, சர்வர் ஓட்டையா இல்லையாங்கறதுதானே? ஓட்டை இல்ல. நிரூபிச்சாச்சு.

அப்பத்தான் அவன் எந்திரிச்சான். கண்ணாடியக் கழட்டிக் கையில வெச்சுட்டு, "சென்னியப்பண்ணே, நானும்..."னு ஆரம்பிச்சான். அண்ணே! ரெண்டு வருசத்துல வராத அண்ணே. என்னப் பாத்துப் பரிதாபப்படற மூஞ்சி. அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியலைங்க. அவன் முடிக்கறதுக்குள்ள ஒரு காப்பிய மேசையில போட்டுட்டு வந்துட்டேன். தபால் மேசையில இருந்த போசியையும் கொடையையும் எடுத்தேன், கேட்டத் தாண்டினேன். போகச் சொன்னது யாருமில்ல, நானாத்தான் வந்தேன்.

வூட்டுக்கு வந்து தெய்வானைகிட்ட, என் சம்சாரத்துகிட்ட, ஜெயிச்சுட்டேன்னு சொன்னேன். நடந்தத பூராவும் சொன்னேன். அவ அதே கம்பெனியில யூனிட் ரெண்டுல தையல்ல இருந்தா. அந்த ஜெர்மனி ஆர்டர் போனதுனால அந்த சீசன் பூராவும் யூனிட் ரெண்டுல அறுவது பொம்பளைங்களுக்கு வேலையில்ல, வூட்டுல உக்காந்திருந்தாங்க. இவளும்தான். அதுக்கெல்லாம் யாரு காரணம்? அந்த ஈ.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "ஒரு ஃபார்வர்டு போட எத்தன நேரம் ஆகும்?"

ரெண்டு நிமிசம்னேன்.

எந்திரிச்சு உள்ள போயிட்டா. பொம்பளைங்களுக்கு இந்த டெக்னிக்கல் விசயமெல்லாம் புரியாதுங்க, சொல்லியும் பிரயோசனமில்ல.

அடுத்த வாரமே யூனிட்டத் தொறந்தாங்க, அவளும் மறுபடி வேலைக்குப் போனா. மொத நாளே வந்து சொல்றா, மேனேஜரு உங்களப் பாக்கணும்ங்கறாரு, என்னமோ சொல்லணுமாம், வூட்டுக்கு வரட்டுமான்னு கேக்கறாருன்னு. வூட்டுக்கு வரக்கூடாதுன்னேன். போன்ல கூப்பிட்டான், அவன் நம்பரயும் அடைச்சு வெச்சேன். வாயில சொல்றதுக்கு என்னங்க அத்தாட்சி? நாளைக்கே நான் சொல்லலைன்னுருவான். சொல்றதா இருந்தா எழுத்துல சொல்லணும், மெயில்ல வரணும், லாக்ல ஏறணும்னு தெய்வானைகிட்டச் சொல்லியனுப்பினேன்.

எனக்குன்னு வூட்டுல ஒரு சர்வர் வெச்சிருக்கேனுங்க. பழைய கம்ப்யூட்டர்தான், பீரோவுக்குப் பக்கத்துல ஓடுது. ஜெராக்ஸ் கடைக, பள்ளிக்கூடம்னு சில்லறை வேலை பாத்துட்டு மிச்ச நேரம் அதுகூடத்தான். அவனுக்கு என் ஐடி தெரியும். எழுதுவான்னு தெரியும். அவன் எழுதறதுக்கு முன்னாடியே அதுல ஒரு வரி போட்டு வெச்சேன், இன்னார்கிட்ட இருந்து எது வந்தாலும் ஐநூத்தி அம்பதுன்னு.

சிரிக்காதீங்க, கணக்கு இருக்குது. கிளாராம்மா மூணு தடவ வாசல்ல நின்னுது, அதுக்கு என் சர்வர ஓட்டைக் குடம்னான். அவன் முப்பது தடவ நிக்கட்டும். அப்படி ஒரு ஆளே இல்ல, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு முப்பது தடவ வாங்கட்டும். முப்பதாவதுக்குக் கதவத் தொறந்து விடுவேன். அப்ப வர்ற கடிதாசியப் பிரிண்ட் எடுத்து, அதுக்கும் ஸ்பைரல் போட்டு, எம்.டி. மேசையில கொண்டு போய் வெப்பேன்.

வந்துது பாருங்க. மொதத் திங்கக்கெழம, காலையில ஒம்பது பத்து. ஐநூத்தி அம்பது. அடுத்த திங்கக்கெழம, அதே ஒம்பது பத்து. ஆபீசுல உக்காந்த ஒடனே மொத வேலையா எனக்குத்தான் எழுதுவான் போலிருக்குது. பொங்கல் வந்து திங்கக்கெழம லீவு, செவ்வாக்கெழம எழுதினான். இருவத்தேழு வாரமுங்க. எந்திரம் அனுப்பறதில்ல, ஒவ்வொண்ணும் அவன் உக்காந்து எழுதினது. ஒவ்வொரு திங்கக்கெழமையும் காப்பியக் கையில வெச்சுட்டு லாக்கத் தொறந்து அந்த வரியப் படிக்கறப்ப வர்ற சுகம் இருக்குதே, அதச் சொல்லி மாளாது. ஆனைக்கொரு காலம் வந்தா பூனைக்கொரு காலம்.

என்ன கேட்டீங்க? அதுல என்ன எழுதியிருக்கான்னா? அது எனக்கெப்படிங்க தெரியும். வாசப்படியிலயே திருப்பி விட்டா உள்ள இருக்கற கடிதாசி நம்ம கைக்கு வராது. யாரு வந்தா, எப்ப வந்தா, யாரக் கேட்டா, அதெல்லாம் லாக்ல இருக்கும். என்ன சொல்ல வந்தான்னு மட்டும் இருக்காது. அதுக்கென்ன அவசரம், இன்னும் மூணு வாரந்தானே.

இப்பக் கோயமுத்தூர் போறதும் அதுக்குத்தான். சர்வர்ல டிஸ்க்கு பழசாயிருச்சு, கரகரன்னு சத்தம் வருது. முப்பதாவது வர்ற அன்னிக்கு அது உசுர விட்டுச்சுன்னா? வெண்ணெ தெரண்டு வர்றப்பத் தாழி ஒடஞ்ச கதையாயிரும். அதான் புதுசு வாங்கிப் போட்டுரலாம்னு கெளம்பிட்டேன். தெய்வானை போசியில சோறு கட்டிக் குடுத்தா. இப்பெல்லாம் அவ ஒண்ணுமே சொல்றதில்ல. வெள்ளிக்கெழம மட்டும் என்னமோ சொல்ல வந்தா, யூனிட்ல எல்லாருக்கும் மேனேஜரு மைசூர்பா குடுத்தாரு, ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து நின்னு பேசினாருன்னு. அவன் பேச்ச இந்த வூட்டுல எடுக்காதேன்னேன். மைசூர்பாவ சாமி மாடத்துல வெச்சுட்டா. நான் தொடல.

காங்கயம் வந்துருச்சு. உங்களுது என்னாச்சு, போயிருச்சுங்களா? பாத்தீங்களா, சொன்னேன்ல. நானூறுன்னா பொறுத்திருந்தாப் போதும்.

இருங்க, என்னுதையும் காட்டறேன். இன்னிக்குத் திங்கக்கெழமதானே, இருவத்தெட்டாவது. பஸ்ஸப் புடிக்கற அவசரத்துல காலையில பாக்கல. இந்த போன்ல இருந்தே வூட்டு சர்வருக்குப் போயிரலாம். இந்தா வந்துருச்சு. ஒம்பது... ஒம்பதுல ஒண்ணும் இல்லையே. பத்து, பதினொண்ணு. கும்பகோணம் பாத்திரக்கடை விளம்பரம் ஒண்ணு வந்திருக்குது. பேங்குல இருந்து ஒண்ணு. அவனுது இல்ல.

நான் சொல்லல, டிஸ்க்கு போயிருச்சு போல. இல்லையே, விளம்பரம் வந்திருக்குதே. பிங் போட்டுப் பாப்போம். நல்லாத்தான் இருக்குது. கதவும் தொறந்துதான் இருக்குது. அப்ப என் பக்கம் இல்ல, அவிங்க பக்கந்தான் கோளாறு. கோயமுத்தூர்காரனுக ஒழுங்காப் பாக்கறதில்ல, எனக்குத் தெரியும். இருங்க, அவிங்க சர்வர்கிட்டயே கேட்டுரலாம். இந்தக் கண்டக்டர சித்தச் சும்மா இருக்கச் சொல்லுங்க.

உசுரோட இருக்குது. கதவத் தொறந்துருச்சு. வணக்கம் சொல்லிட்டேன், பதில் சொல்லுது. இன்னார்கிட்ட இருந்து வர்றேன். சரிங்குது. இப்ப இளஞ்செழியனப் பாக்கணும்னு கேக்கறேன், ஈ போட்ட பேரு.

ஐநூத்தி அம்பது.

இருங்க, எழுத்துப் பிசகியிருக்கும். பஸ்ஸு ஆட்டுது. மறுபடி போடறேன். ஈ, எல்லு, ஏ, கடைசியில ஒய்யு.

ஐநூத்தி அம்பது. ஐ போட்டும் பாத்துட்டேன், அதுவும் அதேதான். அப்படி ஒரு ஆளே இங்க இல்லையாமுங்க.

பாருங்க இந்தக் கோயமுத்தூர்காரனுக லட்சணத்த. ஒரு மனுசன் வேலைய விட்டுப் போனான்னா, எங்க போனான், இனி எங்க எழுதணும்னு ஒரு ஃபார்வர்டு போட்டு வெக்க வேண்டாமுங்களா? தேடி வர்றவன் என்ன பண்ணுவான்? ரெண்டு நிமிச வேலைங்க அது. ரெண்டே நிமிசம்.